டேலி ஆன பேப்பர், தெரியாத கணக்கு: பி.காம் மாணவர் என்ன கற்றார் என்று அளப்பது எப்படி?

பி.காம் சேர்ந்த முதல் சில மாதங்களில் எல்லா மாணவருக்கும் ஒரு நல்ல நாள் வரும். போட்ட இருப்பாய்வின், அதாவது எல்லாக் கணக்குகளின் இருப்புகளையும் அடுக்கிய பட்டியலின், பற்றுப் பக்கமும் வரவுப் பக்கமும் ஒரே தொகையில் வந்து நிற்கும். ‘சார், டேலி ஆயிடுச்சு!’ என்று பின்வரிசையிலிருந்து குரல் வரும். அடுத்த வாரமே ஆசிரியர் அந்த மகிழ்ச்சியில் மண்ணைப் போடுவார்: டேலி ஆனதாலேயே கணக்கு சரி என்று ஆகிவிடாது. அடியோடு விட்டுப்போன பதிவு, ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொண்ட இரண்டு பிழைகள், சொத்தில் எழுத வேண்டியதைச் செலவில் எழுதிய விதிப்பிழை என எல்லாம் உள்ளே உட்கார்ந்திருக்கும். இரண்டு பக்கமும் சமமாகவே நிற்கும்.

இதைப் பாடமாக நடத்தும் நாங்களே, ரிசல்ட் வந்ததும் அதே தவறைச் செய்கிறோம். 72 வாங்கியவனுக்குப் பாடம் தெரியும், 28 வாங்கியவளுக்குத் தெரியாது என்று பேசி முடித்துவிடுகிறோம். அந்த 72க்குள் எது இருக்கிறது, எது விட்டுப்போயிருக்கிறது என்று யாரும் திறந்து பார்ப்பதில்லை. அப்படித் திறந்து பார்ப்பதைத்தான் கற்றல் மதிப்பீடு என்கிறார்கள். கணக்கியல், நிதி படிக்கும் மாணவர்கள், புதிதாகப் பாடம் எடுக்க வந்தவர்கள், ‘சிஓ, பிஓ என்று என்னவோ சொல்கிறார்களே, அது என்ன?’ என்று கேட்கும் பெற்றோர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த எழுத்துகள். சிஓ என்பது ஒரு பாடத்தின் கற்றல் விளைவு, அதாவது அந்தத் தாளைப் படித்து முடித்தவரால் என்ன செய்ய முடிய வேண்டும் என்பது. பிஓ என்பது மூன்று ஆண்டுப் படிப்பு முழுவதற்குமான விளைவு. சிலபஸின் முதல் பக்கத்தில் இவை அச்சாகியிருக்கும். பெரும்பாலான மாணவர்கள் அந்தப் பக்கத்தைப் படிக்கவே மாட்டார்கள். சில ஆசிரியர்களும்தான்.

விளைவை எழுதுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. ‘மாணவர் தேய்மானம் பற்றி அறிந்துகொள்வார்’ என்று எழுதினால் அதை எப்படிப் பார்ப்பது? அறிந்துகொள்வது கண்ணுக்குத் தெரியாது. ‘ஒரு செலவு முதலினச் செலவா (பல ஆண்டு பயன் தரும் சொத்துக்கானதா), வருவாயினச் செலவா (அன்றாடச் செலவா) என்று பிரித்து, ஏன் என்று இரண்டு வரி எழுதுவார்’ என்று போட்டால், அவர் எழுதிய தாளைக் கையில் எடுத்து ஆம், இல்லை என்று சொல்லிவிடலாம். மாணவர் கையால் செய்து காட்டக்கூடிய வினைச்சொல் இல்லாத விளைவை அளக்க வழியில்லை.

இங்கேதான் புளூம் வருகிறார். அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூம் தலைமையிலான குழு 1956இல் சிந்தனைத் திறன்களை ஆறு படிகளாக அடுக்கியது. 2001இல் அதைத் திருத்தினார்கள். இன்று கல்லூரிக் கேள்வித்தாளின் ஓரத்தில் கே1, கே2 என்று தொடங்கி கே6 வரை அச்சிட்டிருப்பது அந்தத் திருத்தப் பட்டியலைத்தான்: நினைவுகூர்தல், புரிதல், பயன்படுத்தல், பகுத்தாய்தல், மதிப்பிடல், படைத்தல்.

எங்கள் துறையில் இந்தப் பட்டியலை வைத்து நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது மிக எளிது. கணக்குப் போடும் கேள்வி என்றாலே ‘பயன்படுத்தல்’, அதனால் கே3 என்று முத்திரை குத்திவிடுகிறோம். வகுப்பில் மூன்று முறை போட்ட கணக்கில் தொகையை மட்டும் மாற்றிக் கொடுத்தால் மாணவர் எதைப் பயன்படுத்துகிறார்? படிகளை ஒப்பிக்கிறார். திருக்குறளை ஒப்பிப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. எண் இருப்பதால் அது சிந்தனைபோலத் தெரிகிறது, அவ்வளவுதான்.

ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் பார்ப்போம். ஒரு நிறுவனம் ஏப்ரல் 1 அன்று ஓர் இயந்திரம் வாங்கியது. அதை நிறுவியதற்குக் கொடுத்த கூலி 20,000 ரூபாய். கணக்கர் அதைக் கூலிக் கணக்கில் பற்று எழுதிவிட்டார். இயந்திரத்துக்கு ஆண்டுக்கு 10% தேய்மானம், அதாவது அடக்கவிலையில் 10% அந்த ஆண்டின் செலவாக எழுதப்படும்.

வழக்கமான கேள்வித்தாள் இத்தோடு நிறுத்தி, ‘பிழைத்திருத்தப் பதிவு தருக’ என்று கேட்கும். இயந்திரக் கணக்கு பற்று, கூலிக் கணக்குக்கு 20,000. நன்றாக மனப்பாடம் செய்தவர் ஒரு நிமிடத்தில் எழுதிவிடுவார். முழு மதிப்பெண்.

இப்போது கேள்வியை இப்படி மாற்றுங்கள்: ‘பிழையைக் கண்டுபிடிக்காமலே ஆண்டுக் கணக்கை முடித்துவிட்டார்கள். நிகர லாபம் எவ்வளவு தவறாக இருக்கும்?’ நான்கு விடைகள் தருகிறோம். மாற்றமில்லை, 20,000 குறைவு, 22,000 குறைவு, 18,000 குறைவு.

சரியான விடை 18,000 குறைவு. கூலியைச் செலவாக எழுதியதால் லாபம் 20,000 குறைந்தது. ஆனால் அந்தத் தொகை இயந்திரத்தின் அடக்கவிலையில் சேர்ந்திருந்தால் 2,000 தேய்மானம் வந்திருக்கும். அது வரவில்லை, அதனால் லாபம் 2,000 கூடிவிட்டது. கழித்தால் 18,000. சொத்தையும் பொறுப்பையும் காட்டும் இருப்புநிலைக் குறிப்பில் சொத்தும் 18,000 குறைவு, மூலதனமும் 18,000 குறைவு. அதுவும் டேலி ஆகிவிடும்!

இந்தக் கேள்வியில் எனக்குப் பிடித்தது, தப்பான விடைகளும் பேசுவதுதான். ‘மாற்றமில்லை’ என்று குறித்தவர், டேலி ஆனால் லாபமும் சரி என்று இன்னும் நம்புகிறார். ‘20,000’ என்றவருக்கு முதலினச் செலவு புரிந்திருக்கிறது, ஆனால் பிழை அடுத்த கணக்குக்கு நடந்துபோவதைப் பார்க்கவில்லை. ‘22,000’ என்றவர் தேய்மானம் வரை வந்துவிட்டார், திசையை மட்டும் மாற்றிப் போட்டுவிட்டார். மூவருக்கும் பூஜ்யம்தான். ஆனால் மூவருக்கும் அடுத்த நாள் வகுப்பில் சொல்ல வேண்டியது வேறு வேறு. ஏ, பி, சி, டி கேள்வி என்றாலே சோம்பேறித்தனம் என்று நினைப்பவர்கள் இப்படி ஒரு கேள்வி எழுதிப் பார்க்கட்டும். நல்ல தப்பு விடை மூன்று கண்டுபிடிக்க ஒரு மாலைப் பொழுது போய்விடும். பட்டயக் கணக்காளர் நிறுவனம்கூட 2023இல் கொண்டுவந்த புதிய திட்டத்தில், இன்டர், ஃபைனல் தேர்வுகளில் 30% மதிப்பெண்ணை ஒரு சூழலைக் கொடுத்து அதிலிருந்து கேட்கும் இவ்வகைக் கேள்விகளுக்கு ஒதுக்கியிருக்கிறது.

நிதிப் பாடங்களில் சிக்கல் வேறு மாதிரி. முதலீட்டுத் திட்டத்தின் நிகர நிகழ்கால மதிப்பை, அதாவது வரப்போகும் பணத்தின் இன்றைய மதிப்பில் போடும் பணத்தைக் கழித்த மீதியை, காணச் சொல்கிறோம். கேள்வியில் தேவையான எண்கள் மட்டுமே இருக்கும், எல்லாவற்றையும் சூத்திரத்தில் போட்டாக வேண்டும் என்று மாணவருக்குத் தெரியும். வெளியே எந்த நிறுவனத்திலும் எண்கள் அப்படி அளவெடுத்துத் தைத்து வருவதில்லை. ‘சந்தை ஆய்வுக்கு ஏற்கெனவே 2 லட்சம் கொடுத்தாயிற்று’ என்று ஒரு வரி சேர்த்துப் பாருங்கள். திட்டத்தை எடுத்தாலும் விட்டாலும் அந்தப் பணம் திரும்பாது, ஆகவே முடிவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதை ஒதுக்கத் தெரிந்தவருக்குப் பாடம் தெரியும். கேள்வியில் இருக்கிறதே என்று கழித்தவருக்குச் சூத்திரம் மட்டும் தெரியும்.

75 மதிப்பெண்ணின் உடற்கூறு

தமிழ்நாட்டில் பல பல்கலைக்கழகங்களில் இன்டர்னல் 25, செமஸ்டர் தேர்வு 75. அந்த 75 பரவலாக இப்படிப் பிரியும்: பகுதி அ-வில் பத்து இரண்டு மதிப்பெண் கேள்விகள், பகுதி ஆ-வில் ஐந்து ஐந்து மதிப்பெண் கேள்விகள், பகுதி இ-யில் ஐந்தில் மூன்று பத்து மதிப்பெண் கேள்விகள். பாடத்தில் ஐந்து அலகுகள்.

‘ஐந்தில் மூன்று’ என்பதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பெரிய கேள்வி ஒவ்வொன்றும் ஓர் அலகிலிருந்து வந்தால், மாணவர் இரண்டு அலகுகளின் பெரிய கணக்கைத் தொடாமலே விட்டுவிடலாம். விடுவார்கள். ஹயர் பர்ச்சேஸ் கணக்கு நீளம், அதை விடு. கிளைக் கணக்கு குழப்பம், அதையும் விடு. இது மாணவர் குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். கடையில் தள்ளுபடி போட்டால் யார்தான் வாங்க மாட்டார்கள்? ஆனால் மதிப்பெண் பட்டியலில் 70 வாங்கிய இரண்டு பேர் வேறு வேறு பாடம் படித்தவர்களாக இருப்பார்கள். இருவரையும் ஒரே தராசில் நிறுத்தியதாக நினைத்துக்கொள்வோம். சாய்ஸ் கொடுக்க வேண்டுமென்றால் ஒரே அலகுக்குள், ஒரே கடினத்தில் ‘இது அல்லது அது’ என்று கொடுப்பது மேல்.

ஆகவே கேள்வி எழுதுவதற்கு முன்பே ஒரு கட்டம் போட வேண்டும். இடப்பக்கம் விளைவுகள், மேலே கே1 முதல் கே6, கட்டங்களில் மதிப்பெண். புளூபிரிண்ட் என்பார்கள். பள்ளி ஆசிரியர்களுக்கு நன்கு பழகிய இந்தப் பழக்கம், கல்லூரியில் கேள்வித்தாள் எடுத்த பிறகு நிரப்பும் படிவமாகிவிட்டது. தாலி கட்டிய பிறகு ஜாதகம் பார்ப்பதுபோல.

இன்டர்னல் 25 பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. அதில் வருகைக்கு மதிப்பெண் கொடுக்கும் இடங்கள் உண்டு. வகுப்புக்கு வந்தது நல்ல விஷயம், ஆனால் வந்தது கற்றதற்குச் சாட்சி ஆகாது. இன்டர்னல் எதற்காக வந்தது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். தணிக்கைப் பாடத்தில் தொடர் தணிக்கை, இறுதித் தணிக்கை என்று இரண்டு படிப்போம் அல்லவா? இறுதித் தணிக்கை ஆண்டு முடிந்த பின் நடக்கும், அறிக்கை தரும், அவ்வளவுதான். தொடர் தணிக்கையில் தப்பு நடக்கும்போதே பிடித்துத் திருத்தலாம். செமஸ்டர் தேர்வு இறுதித் தணிக்கை. இன்டர்னல் தொடர் தணிக்கையாக இருக்க வேண்டியது. திருத்திய தாளை செமஸ்டர் முடிந்து ஸ்டடி ஹாலிடேயில் கொடுத்தால் அது எந்தத் தணிக்கையிலும் சேராது.

திருத்தும் மேசையில்

கணக்குத் தாள் திருத்துவதில் இருக்கும் பெரிய நியாயப் பிரச்சினை இது. பத்து மதிப்பெண் இறுதிக் கணக்கு. இறுதிச் சரக்கிருப்பு 5,400. மாணவி அவசரத்தில் 4,500 என்று எழுதிவிட்டாள். அதன் பிறகு எல்லாப் படியும் சரி. ஆனால் மொத்த லாபம் தப்பு, நிகர லாபம் தப்பு, மூலதனம் தப்பு, இருப்புநிலைக் குறிப்பின் இரண்டு மொத்தங்களும் தப்பு. விடைக்குறிப்பை மட்டும் பார்ப்பவர் ஐந்து இடத்தில் சிவப்பு மை வைப்பார். நடந்தது ஒரே ஒரு பிழை. நியாயமான விதி, ஒரு பிழைக்கு ஒரு முறைதான் தண்டனை. அவளுடைய 4,500ஐ வைத்துக்கொண்டு அடுத்த படிகள் சரியா என்று பார்த்து மதிப்பெண் தர வேண்டும். இதற்கு நேரம் பிடிக்கும். வேல்யூவேஷன் முகாமில் கட்டுக்கட்டாக முன்னால் கிடக்கும் தாள்களுக்கு நடுவே இந்தப் பொறுமை எல்லோருக்கும் எல்லா வேளையும் வருவதில்லை. மதியச் சாப்பாட்டுக்கு முன் திருத்திய தாளும் பின் திருத்திய தாளும் ஒன்றா என்று என்னையே நான் கேட்டுக்கொண்டதுண்டு.

எழுதும் விடைகளுக்கு, குறிப்பாக ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் படித்து எழுதும் அசைன்மென்டுக்கு, ரூப்ரிக் என்ற மதிப்பெண் அட்டவணை உதவும். எது எவ்வளவு நன்றாக இருந்தால் எத்தனை மதிப்பெண் என்பதை மாணவருக்கும் முன்கூட்டியே கொடுத்துவிடுவது. அதில் ஒரு வரிசையை மட்டும் பார்க்கலாம். நடப்புச் சொத்துகள் 8 லட்சம், அதில் சரக்கிருப்பு மட்டுமே 6 லட்சம், நடப்புப் பொறுப்புகள் 4 லட்சம். கடனைக் கட்டும் திறன் எப்படி?

‘நடப்பு விகிதம் 2:1’ என்று மட்டும் எழுதினால் 1 மதிப்பெண். ‘2:1, இது வழக்கமாகச் சொல்லும் அளவு, ஆகவே நல்ல நிலை’ என்றால் 2. பாடப்புத்தகத்தை எண்ணோடு ஒட்டிவிட்டார். ‘சரக்கை நீக்கினால் விரைவு விகிதம் 0.5:1தான், சரக்கு விற்காவிட்டால் திண்டாட்டம்’ என்றால் 3. ‘இது தீபாவளிக்கு முன் துணி அடுக்கிவைத்திருக்கும் ஜவுளிக் கடையா, காலாவதியாகும் மருந்து தேங்கிக் கிடக்கும் மொத்த வியாபாரியா என்பதைப் பொறுத்து என் முடிவு மாறும்’ என்று ஒருவர் எழுதினால் 4. அந்த நாலாவது வரியை எழுதியவரைத்தான் வங்கிக் கடன் பிரிவில் உட்காரவைக்கலாம். இப்படி நான்கு வரி எழுதிவைத்துவிட்டால், இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியே திருத்தினாலும் மதிப்பெண் அதிகம் விலகாது.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு 4 மதிப்பெண் தரமுள்ள பத்தியை யார் வேண்டுமானாலும் அரை நிமிடத்தில் வரவழைத்துவிடலாம். வீட்டில் எழுதும் அசைன்மென்டை மட்டும் நம்பி மதிப்பிட்ட காலம் போய்விட்டது. தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் வைவா கேட்பதுதான் நான் கண்ட எளிய வழி. ‘இந்த 0.5 எங்கிருந்து வந்ததும்மா? சரக்கு 3 லட்சமாகக் குறைந்து மீதி கடனாளிகளிடம் இருந்தால் என்ன ஆகும்?’ சொந்தமாகப் போட்டவர் பேனாவை எடுப்பார். மற்றவர் கூரையைப் பார்ப்பார். டேலி என்ற கணக்கியல் மென்பொருளின் பிராக்டிகலுக்கும் இதே கதைதான். வரிசையாக அச்சடித்த இருபது பரிவர்த்தனைகளைப் பதிவுசெய்யச் சொல்லாமல், பில், ரசீது, பேங்க் ஸ்டேட்மென்ட் மூன்றையும் கலைத்துக் கொடுங்கள். அதில் ஒரே பில் இரண்டு முறை இருக்கட்டும். கண்டுபிடிக்கிறாரா என்று பார்க்கலாம்.

கேள்விக்கே ஒரு தேர்வு

மாணவரை மதிப்பிட்டாயிற்று. நாம் கேட்ட கேள்வி உருப்படியா என்று யார் சொல்வது? அதற்கும் கணக்கு உண்டு. 60 பேர் எழுதினார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்த மதிப்பெண் வரிசையில் மேலே உள்ள 27%, கீழே உள்ள 27% என்று பதினாறு பதினாறு பேரை எடுங்கள். நம் இயந்திரக் கூலிக் கேள்விக்கு மேல் பதினாறில் 12 பேரும் கீழ்ப் பதினாறில் 4 பேரும் சரியாகப் போட்டிருந்தால், வித்தியாசம் 8. அதை 16ஆல் வகுத்தால் 0.5. தெரிந்தவரையும் தெரியாதவரையும் கேள்வி நன்றாகப் பிரிக்கிறது. இரு குழுவிலும் ஒரே எண்ணிக்கை வந்தால் அந்தக் கேள்வி எதையும் சொல்லவில்லை. மேலே 5 பேரும் கீழே 9 பேரும் சரியாகப் போட்டிருந்தால்? எதிர்மறை எண் வரும். அநேகமாகக் கேள்வி குழப்பமானது, அல்லது விடைக்குறிப்பே தப்பு. நன்றாகப் படித்தவர் யோசித்து விழுந்திருக்கிறார், படிக்காதவர் குத்துமதிப்பாகப் போட்டு ஜெயித்திருக்கிறார். எக்செல் தெரிந்த ஒரு காமர்ஸ் ஆசிரியருக்கு இது பத்து நிமிட வேலை.

இதே போலத்தான் சிஓ அடைவு என்று கல்லூரிகள் போடும் கணக்கும். ஒவ்வொரு கேள்வியும் எந்த விளைவைச் சேர்ந்தது என்று குறித்து, அந்த விளைவுக்கான மதிப்பெண்ணில் பாதியை 60% மாணவர் எட்ட வேண்டும் என்பதுபோல ஓர் இலக்கு வைப்பார்கள். 60 பேர் வகுப்பில் 52 பேர் பாஸ், ஆனால் பிழைத்திருத்தம் என்ற மூன்றாவது விளைவில் இலக்கைத் தொட்டவர் 21 பேர்தான் என்று வந்தால், மொத்த மதிப்பெண் மூடிவைத்திருந்தது வெளியே வந்துவிட்டது. இலக்கு 36 பேர். ஏன் வரவில்லை என்பது அடுத்த கேள்வி.

அமெரிக்காவில் 1916இல் தொடங்கிய ஏஏசிஎஸ்பி என்ற அமைப்பு மேலாண்மை, கணக்கியல் கல்விக்கு அங்கீகாரம் தருவது. 2003இல் தன் தரவிதிகளில் ‘கற்றலுக்கு உறுதி’ என்ற பகுதியைச் சேர்த்து, இதைத்தான் கல்லூரிகளிடம் கேட்கத் தொடங்கியது. நம் ஊரில் தர அங்கீகாரம் தரும் அமைப்புகளான என்பிஏ வழியாகப் பொறியியல் கல்லூரிகளுக்கும், நாக் வழியாகக் கலை அறிவியல் கல்லூரிகளுக்கும் இந்தப் பேச்சு வந்தது. வந்த விதம்தான் கொஞ்சம் வருத்தம். நாக் குழு வரும் மாதத்தில் மூன்று ஆண்டுக் கணக்கை ஒரே ராத்திரியில் போட்டு, எல்லாப் பாடத்திலும் அடைவு ‘3’, அதாவது உச்ச நிலை, என்று ஸ்பைரல் பைண்டிங் செய்து அடுக்கிவைப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எல்லா விளைவும் எல்லா ஆண்டும் அடைந்தாயிற்று என்று சொல்லும் ஃபைலைப் பார்த்தால், ஒரு ஆண்டுகூட நஷ்டமே காட்டாத கம்பெனியின் கணக்கைப் பார்க்கும் ஆடிட்டருக்கு வரும் சந்தேகம்தான் எனக்கும் வருகிறது.

அந்த 21ஐ மறைக்காமல் எழுதிவைத்த துறை அதை வைத்து என்ன செய்யும்? பெரிதாக ஒன்றுமில்லை. துறைக் கூட்டத்தில் அரை மணி நேரம் விடைத்தாள்களைப் புரட்டி, எந்தத் தப்பு விடை அதிகம் விழுந்தது என்று எண்ணும். ‘மாற்றமில்லை’தான் அதிகம் என்றால், பிழைத்திருத்த அத்தியாயத்துக்கு மணி நேரம் கூட்டிப் பயனில்லை, கோளாறு அதற்கு முந்தைய அத்தியாயத்திலேயே இருக்கிறது. அடுத்த ஜூனில் புதிய பேட்ச் வந்து இருப்பாய்வு போடக் கற்றுக்கொள்ளும் வாரத்தில், இரண்டு பக்கமும் அழகாக டேலி ஆன ஒரு தாளைக் கையில் கொடுத்து, ‘இதில் மூன்று பிழை இருக்கிறது, கண்டுபிடி’ என்று உட்காரவைக்கும்.